வியாழனோட சிவப்புப் புள்ளி நிஜமாவே தெரியுமா, இல்ல எல்லாரும் கலர் அடிக்கிறீங்களா?

கேள்வி: 2023 அக்டோபர் 14, இரவு 9.10

அண்ணன்மாருக்கு வணக்கம். ஊர் திண்டுக்கல். 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி வாங்கி மூணு வாரம் ஆச்சு. தினமும் வியாழனைப் பார்க்கிறேன். நாலு நிலா பளிச்சுன்னு இருக்கு, தட்டுல ரெண்டு மங்கலான கோடு இருக்கு, அவ்வளவுதான். பெரிய புயல்னு சொல்ற அந்தச் சிவப்புப் புள்ளி ஒரு நாள்கூடக் கண்ணுல படல. இங்க போடுற படங்கள்ல மட்டும் புள்ளி, சுழல், நீலக் கொக்கின்னு என்னென்னமோ இருக்கு. நேர்மையா சொல்லுங்க, இதெல்லாம் கம்ப்யூட்டர்ல வரைஞ்சதுதானே?

பதில்: அக்டோபர் 14, இரவு 11.40

எத்தனை மணிக்குப் பார்த்தீங்க தம்பி? "தினமும்"னு சொன்னா அதுக்குப் பதில் கிடையாது. வியாழன் ஒரு சுத்து சுத்த 10 மணி நேரம்கூட எடுக்காது. மேகப் பட்டைகளுக்குக் கணக்கு வச்சிருக்கிறது 9 மணி 55 நிமிடம் 41 விநாடி. புள்ளி நடுக்கோட்டுக்கு வர்றதுக்கு ஒரு மணி முன்னால, ஒரு மணி பின்னால, அந்த ரெண்டு மணி நேரம்தான் அது உருப்படியா தெரியும். மத்த நேரம் ஓரத்துல நசுங்கிக் கிடக்கும், இல்ல முதுகுப் பக்கம் போயிருக்கும்.

இன்னொன்னு. இப்ப ராத்திரி 9 மணிக்கு வியாழன் கிழக்குல பனைமர உயரத்துக்குத்தான் வந்திருக்கும். அவ்வளவு தாழ்வா இருக்கிற எதுவும் அலைபாயும். 12 மணிக்கு மேல பாருங்க.

அக்டோபர் 15, காலை 6.50

தூக்கத்துல ஞாபகம் வந்தது. மொட்டை மாடியிலதானே பார்க்கிறீங்க?

எங்க வேலூர் வெயில் வாங்கின தளம் ராத்திரி 10 மணிக்கும் தோசைக்கல்லு மாதிரிதான். உள்ளங்கையை வச்சுப் பாருங்க, தெரியும். அந்தச் சூடு மேல எழும்பிக் குழாய் வழியாவும் போகும், முன்னாலயும் போகும். வியாழன் தண்ணிக்குள்ள கிடக்கிற எட்டணா மாதிரி நெளியும். நான் புத்திசாலித்தனமா தளத்துல நாலு குடம் தண்ணி ஊத்தினேன் ஒரு தடவை. ஒரு மணி நேரம் வெந்நீர் அண்டா பக்கத்துல உட்கார்ந்த மாதிரி ஆவி. கண்வில்லை வேர்த்துப் போச்சு. இப்ப பின்பக்கம் வேப்பமரத்துக்கு அந்தண்டை மண்தரைதான் எனக்கு. பாதி வானம் மறையுது, இருக்கிற பாதி அசையாம நிக்குது.

வெளிநாட்டுக்காரங்க எழுதுறதைப் படிச்சு "கண்ணாடி குளிரணும்"னு ஏசி ரூம்ல வச்சு எடுத்துட்டு வராதீங்க. வெளியே வந்த அடுத்த நிமிஷம் கண்ணாடி முழுக்க முத்து முத்தா தண்ணி. நம்ம ஊருக்கு நிழல்ல, காத்து போற இடத்துல சாயங்காலமே வச்சுட்டாப் போதும்.

அக்டோபர் 16

நிறம் பத்தி விட்டுட்டேன். பேரைக் கேட்டு மிளகாய்ப் பழச் சிவப்பைத் தேடாதீங்க. கேரட் துருவிட்டு அந்தத் தட்டைக் கழுவின தண்ணி, அந்த நிறம். பல ராத்திரி நிறமே தெரியாது. தெற்குப் பட்டையோட ஓரத்தை யாரோ கடிச்ச மாதிரி ஒரு வெள்ளைப் பள்ளம் இருக்கும், பள்ளத்துக்குள்ள புள்ளி உட்கார்ந்திருக்கும். முதல்ல பள்ளத்தைத் தேடுங்க.

200 மடங்குக்கு மேல போகாதீங்க. நீல வடிகட்டி ஒண்ணு போட்டா புள்ளி கருத்துத் தெரியும்.

அக்டோபர் 22

இன்னைக்கு ஞாயிறு, கடை லீவு. (எனக்கு செல்போன் ரிப்பேர் கடை. ஸ்க்ரூடிரைவர் இருக்கிறதாலதான் இந்தப் பைத்தியமே பிடிச்சது.) "கம்ப்யூட்டர்ல வரைஞ்சது"க்கு வர்றேன்.

யாரும் ஒரு போட்டோ எடுக்கிறதில்லை. ரெண்டு நிமிஷ வீடியோ எடுக்கிறோம். நொடிக்கு 100 சட்டம் (ஃப்ரேம்)னா 12,000 சட்டம் ஆச்சு. அதுல காத்து ஒரு கணம் அடங்கினப்ப விழுந்த சட்டங்கள் சில நூறோ சில ஆயிரமோ இருக்கும். ஆட்டோஸ்டேக்கர்ட்ங்கிற மென்பொருள் அதைப் பொறுக்கி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கும். அடுக்கினது நனைஞ்ச பஞ்சு மாதிரி இருக்கும், ஆனா இரைச்சல் போயிருக்கும். அப்புறம் ரெஜிஸ்டாக்ஸ்ங்கிற இன்னொரு மென்பொருள்ல கூர்மை கூட்டுற வேவ்லெட் பட்டையை இழுத்தா பஞ்சுக்குள்ள இருந்து பட்டை, முடிச்சு, கொக்கி எல்லாம் வெளிய வரும். அதெல்லாம் ஏற்கெனவே உள்ள இருந்ததுதான்.

ஏன் ரெண்டு நிமிஷம், ஏன் இருபது நிமிஷம் இல்லன்னு கேட்பீங்க. இப்ப வியாழனோட தட்டு கிட்டத்தட்ட 49 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியை 3600ஆப் பிரிச்சா ஒரு பங்கு) அகலம். நிமிஷத்துக்கு 0.6 டிகிரி சுத்துது. நடுவுல இருக்கிற ஒரு முடிச்சு நிமிஷத்துக்குக் கால் ஆர்க்செகண்டுக்குக் கொஞ்சம் மேல நகரும், ரெண்டு நிமிஷத்துல அரை. 8 அங்குலக் கண்ணாடியால பிரிச்சுக் காட்ட முடிஞ்சது 0.57. அதைத் தாண்டி ஓட்டினா படம் இழுவிடும். வின்ஜூபோஸ் மென்பொருள்ல சுழற்சியைத் திருப்பிக் கழிச்சு அஞ்சாறு வீடியோவை ஒண்ணாச் சேர்க்கலாம். ஆனா ஒவ்வொரு வீடியோவோட நேரமும் சரியா இருந்தாத்தான் அது நடக்கும். நேரம் தப்புன்னா எல்லாம் தப்பு.

அக்டோபர் 22, இரவு

மேல எழுதினதைத் திரும்பப் படிச்சேன். "உள்ள இருந்ததுதான்"னு ரொம்பத் தைரியமா சொல்லிட்டேன். முழு உண்மை இல்லை. வேவ்லெட் பட்டையை ரெண்டு கோடு கூட இழுத்தா இல்லாததும் வரும். தட்டோட ஓரத்துல தேங்காய் ஓடு மாதிரி ஒரு வளையம் வரும், அது வியாழன்ல கிடையாது. வெள்ளைப் புள்ளியைச் சுத்திக் கறுப்புக் கண்மை வரும், அதுவும் கிடையாது. 2018 வாக்குல நான் போட்ட படத்துல தெற்குப் பக்கம் அழகா அஞ்சு வெள்ளை முட்டை. பாராட்டு குவிஞ்சது. அதே ராத்திரி வேற ஊர்ல எடுத்த படத்துல மூணுதான் இருந்தது. மிச்ச ரெண்டு முட்டையும் நான் போட்டது.

அதனால உங்க சந்தேகம் கால்வாசி நியாயம்.

அக்டோபர் 23

முட்டை போட்டதுக்குப் பேர் வைக்கச் சொல்லி ஒருத்தர் தனியா எழுதியிருக்கார். வேண்டாம் சார்.

நவம்பர் 4, அதிகாலை 2.15

எதிர்நிலை, அதாவது வியாழன் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் வர்ற நாள், நேத்து முடிஞ்சது. இந்த வருஷம் தமிழ்நாட்டுக்கு லாட்டரி. வானத்தோட நடுக்கோட்டுக்கு வடக்கே 14 டிகிரிகிட்ட வியாழன் நிக்குது, பூமியோட நடுக்கோட்டுக்கு வடக்கே 13ல வேலூர். நடு ராத்திரியில நேர் உச்சந்தலை மேல நிக்குது. காத்து மண்டலத்தை இதைவிடக் குறைச்சலா ஊடுருவ வழியே இல்லை. 2019ல இதே வியாழன் தெற்கே 22 டிகிரி கீழ கிடந்தப்ப லண்டன்காரங்களுக்கு உச்சத்துலயே 16 டிகிரி உயரம்தான். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம்னு வண்ணம் பிரிஞ்சு வரும், அதைச் சரி பண்ண தனிக் கண்ணாடி வாங்கணும். நமக்கு அன்னைக்கும் 55 டிகிரி இருந்தது. புலம்பக்கூடாது.

ஆனா புலம்பறேன். டாப்சோனியன் நேர் உச்சியில நிக்கிற பொருளைப் பின்தொடர முடியாத ஜாதி. குழாய் ஆகாசத்தைப் பார்த்துச் செங்குத்தா நிக்கும், கொஞ்சம் நகர்த்தணும்னா அடிப்பலகையை முக்கால் வட்டம் சுத்தணும். ஆட்டுக்கல்லு சுத்துற மாதிரி சுத்திட்டிருந்தேன், கழுத்து பிடிச்சிடுச்சு. உச்சிக்கு அரை மணி முன்னாலயும் பின்னாலயும் டீ குடிக்கிற நேரம்னு வச்சுக்கிட்டேன்.

அம்மா ஜன்னல் வழியா, "குரு வக்ரத்துல இருக்காருடா, வெறிச்சுப் பார்க்காத"ன்னாங்க. வக்ரத்துல இருந்தாத்தான் கிட்ட இருப்பாரும்மான்னு சொன்னேன். பூமி உள்பாதையில அவரைத் தாண்டிப் போறப்பதான் பின்னால போற மாதிரி தெரியும், அதே சமயத்துலதான் தட்டு பெரிசா இருக்கும். பஞ்சாங்கத்துல டிசம்பர் 31ல வக்ர நிவர்த்தி. அதுக்குள்ள வேலையை முடிங்க.

நவம்பர் 12, தீபாவளி

வெடிப்புகை. வியாழன் பித்தளைத் தாம்பாளம். ஒண்ணும் தேறல. பழைய கதை சொல்றேன்.

2010 செப்டம்பர். அப்ப என்கிட்ட 6 அங்குலம். பக்கத்து வீட்டுப் பசங்க ஆறு பேரை வரிசையில நிறுத்தி, "வியாழன்ல ரெண்டு கறுப்புப் பட்டை தெரியும் பாருங்க"ன்னு பெருமையா சொன்னேன். முதல் பையன் "ஒண்ணுதான் அங்கிள் இருக்கு"ன்னான். ரெண்டாவது பொண்ணும் அதையே சொன்னுச்சு. நான் குனிஞ்சு பார்த்தேன், ஒண்ணுதான் இருந்தது.

மறுநாள் கண்ணாடியைக் கழற்றினேன். அழுக்குன்னு முடிவு பண்ணி, மெடிக்கல் ஷாப் பஞ்சு வாங்கித் துடைச்சேன். இடமிருந்து வலமா முடி மாதிரி நாலு கீறல். மறுபடி மாட்டிப் பார்த்தா, அப்பவும் ஒரே பட்டை. அப்புறம்தான் இணையத்துல போய்ப் படிச்சேன். தெற்கு மத்தியப் பட்டையையே காணோம், உலகத்துல யாருக்கும் தெரியல. மேல வெள்ளை அமோனியாப் பனி மேகம் படர்ந்து கீழ இருக்கிற பழுப்பை மூடிடுச்சு. பூமியைவிட அகலமான பட்டை, கிரகத்தையே சுத்திக் கிடந்தது, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி காணாமப் போச்சு. பிலிப்பைன்ஸ்ல செபு நகரத்துல இருக்கிற கிறிஸ்டோபர் கோ தன் வீட்டுத் தொலைநோக்கியில கண்டுபிடிச்சது இது.

வேடிக்கை என்னன்னா, பட்டை மறையறப்ப சிவப்புப் புள்ளி நல்லா அழுத்தமாத் தெரியும், வெள்ளைச் சுவத்துல குங்குமப் பொட்டு மாதிரி. தம்பி, நீங்க 2010ல பிறந்து வாங்கியிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது.

நவம்பர் 13

ரெண்டு திருத்தம். "2010ல பிறந்து வாங்கியிருந்தா"ன்னு எழுதியிருக்கேன், "2010ல வாங்கியிருந்தா". தூக்கக் கலக்கம்.

முக்கியமான திருத்தம்: பட்டை போனதைக் கோ கண்டுபிடிச்சார்னு சொன்னது தப்பு. 2009லயே வெளுக்க ஆரம்பிச்சது. சூரியனுக்குப் பின்னால போய்த் திரும்பினப்ப பட்டை இல்லாம இருந்ததை 2010 மே மாதம் எடுத்துப் பளிச்சுன்னு காட்டினது ஆஸ்திரேலியாவோட அந்தோனி வெஸ்லி. அவர்தான் 2009 ஜூலை 19ல வியாழன்ல ஏதோ மோதின கறுப்புத் தழும்பையும் முதல்ல பார்த்தவர். கோ பார்த்தது பட்டை திரும்பி வர்றதோட முதல் அறிகுறியை. 2010 நவம்பர் 9. வெளுத்துக் கிடந்த இடத்துல ஒரு சின்னப் பளிச் வெள்ளைப் புள்ளி. கீழ இருந்து ஒரு புயல் மேகம் பொத்துக்கிட்டு வந்தது. அதுல இருந்து கறுப்புத் துணுக்குகளாக் கிளம்பி, சில மாசத்துல பட்டை முழுசும் திரும்பிடுச்சு. 2006ல ஓவல் பிஏங்கிற இன்னொரு வியாழன் புயல் சிவந்ததைக் கவனிச்சதும் அதே கோதான்.

நவம்பர் 13, இரவு

தேதியைத் திருத்தினதுல இன்னொண்ணு கிளறிடுச்சு. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை.

வியாழன் 5 சுத்து சுத்த 49 மணி 38 நிமிஷம். அதாவது ஒரு ராத்திரி பார்த்த முகம், ரெண்டு நாள் கழிச்சு ஒண்ணரை மணி நேரம் தாமதமா திரும்ப வரும். செபுவுல 9ம் தேதி சாயங்காலம் தெரிஞ்ச முகம் நம்ம ஊருக்கு 11ம் தேதி முன்னிரவுல. ஜல் புயல் கரையேறிப் போன வாரம் அது. அந்த வாரத்துல ஒரு ராத்திரி வானம் கொஞ்ச நேரம் விட்டது, நான் எடுத்தேன்.

எடுத்த கருவியைச் சொல்லணும். பிலிப்ஸ் வெப்கேம். முன்னால இருந்த லென்ஸைத் திருகிக் கழற்றிட்டு, பழைய கோடாக் பிலிம் டப்பாவோட அடியை அறுத்து அந்த இடத்துல ஒட்டினது. பிலிம் டப்பா ஒண்ணேகால் அங்குலக் குழாய்ல கச்சிதமா உட்காரும், யாரோ அளவெடுத்துச் செஞ்ச மாதிரி. அந்தப் படத்துல வெளுத்த இடத்துல ஒரு வெள்ளைப் பொட்டு, பக்கத்துல ஒரு கறுப்புக் கீத்து. சென்சார்ல தூசின்னு நினைச்சேன். அப்ப எனக்குக் கண்ணாடியைக் கீறின குற்றவுணர்ச்சி வேற. பெயிண்ட்ல போய்ப் பக்கத்து வெள்ளையை எடுத்து ரெண்டையும் மூடிட்டேன். அழகான சுத்தமான வியாழன். அதைத்தான் சேமிச்சேன், வீடியோவை அழிச்சேன்.

விஷயம் தெரிஞ்சப்ப ரெண்டு வாரம் ஆயிருந்தது. தேதி பார்த்தாவது மனசைத் தேத்திக்கலாம்னு கோப்பைத் திறந்தேன். "2002 ஜனவரி 1, 00.14". மடிக்கணினியோட கடிகார பேட்டரி செத்து மாசக்கணக்காச்சு. முப்பது ரூபா பேட்டரி. கடையில டப்பா நிறைய வச்சிருக்கேன். ஊருக்கெல்லாம் மாத்தித் தர்றேன்.

அது 11ம் தேதியா 13ம் தேதியான்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது.

டிசம்பர் 6

மழை. சென்னையில எங்க குழுவுல ஒருத்தர் வீட்டுக்குள்ள திங்கள்கிழமை இடுப்பளவு தண்ணி. தொலைநோக்கியைக் கட்டில் மேல, கட்டிலை மேசை மேலன்னு ஏத்திக் காப்பாத்தியிருக்கார். ஃப்ரிட்ஜ் போச்சாம். முன்னுரிமை சரியாத்தான் இருக்கு.

இந்த ஈரத்துல கண்வில்லையைத் தோல் பைக்குள்ள வைக்காதீங்க, பூஞ்சை பிடிக்கும். முறுக்கு போடுற எவர்சில்வர் டப்பா, அடியில சிலிக்கா ஜெல். சிலிக்கா நிறம் மாறினா வாணலியில வறுத்துத் திரும்பப் போடலாம். வீட்ல கேட்டுட்டு வறுங்க.

டிசம்பர் 19

"அமெச்சூருக்கு இதுல என்ன வேலை, ஜூனோ விண்கலம் பக்கத்துலயே சுத்துதே"ன்னு கேள்வி வந்திருக்கு. 2016ல இருந்து சுத்துதுதான். ஆனா அது நீள்வட்டத்துல போய் வாரக்கணக்குல ஒரு தடவை கிட்ட வரும், கிட்ட வர்றப்பவும் ஒரு கீற்றைத்தான் பார்க்கும். மிச்ச நாள் முழுக்க யாரு பார்க்கிறது? 2020 மே 31ல சிவப்புப் புள்ளிக்குத் தெற்கே திடீர்னு கிளம்பின மேகத்தை மீத்தேன் வடிகட்டி வழியாப் பிடிச்சது தென்னாப்பிரிக்காவுல கிளைட் ஃபாஸ்டர். ரெண்டு நாள் கழிச்சு ஜூனோ அந்தப் பக்கம் போய்க் கிட்ட இருந்து எடுத்தது. இந்த வருஷம் ஆகஸ்ட் 28 ராத்திரி வியாழன்ல ஏதோ விழுந்து மின்னினதை ஜப்பான் அமெச்சூர்கள் பிடிச்சாங்க. அங்க 29 அதிகாலை. நம்ம ஊர்ல வியாழன் அப்பதான் கிழக்குல எழும்பற நேரம், நான் குறட்டை.

மின்னலைப் பிடிக்கிற ஆசை எனக்கும் உண்டு. 2022 அக்டோபர்ல "பிடிச்சிட்டேன்"னே நினைச்சேன். தட்டு மேல ஒரு கருஞ்சாம்பல் வட்டம். நிலவு நிழலான்னு பட்டியல்ல பார்த்தேன், அந்த நேரத்துக்கு எந்த நிழலும் இல்லை. கை நடுங்குது. வெஸ்லி பார்த்த மாதிரி மோதல் தழும்புன்னு மூணு பேருக்குப் போன் போட்டு எழுப்பினேன். நாப்பது நிமிஷத்துல அது பட்டையைவிட்டு நகர்ந்து ஓரத்துக்குப் போய், வெளியே வந்து, பளிச்சுனு ஒரு நிலாவா நின்னுச்சு. கனிமீட். வெளிச்சமான மேகத்துக்கு முன்னால வர்றப்ப அது தானே கறுப்பாத் தெரியும். நிழல் பின்னால தனியா வரும். மூணு பேர்ல ஒருத்தர் இன்னும் என்னை "கனிமீட்"னுதான் கூப்பிடுறார்.

கனிமீட்னா எங்க மாவட்டத்துப் பக்கம் ஒரு பழைய கதை உண்டு. 1972 ஜூன் 7ல அது ஒரு நட்சத்திரத்தை மறைச்சப்ப ஜவ்வாது மலையில இருக்கிற காவலூர் வானாய்வகத்துல இருந்து பார்த்தாங்க, அதுக்கு மெல்லிய காத்து மண்டலம் இருக்கலாம்னு அப்பவே சொன்னாங்க. ஜவ்வாது மலைக்கு நம்ம ஊர்ல இருந்து பஸ்ல போயிடலாம். சரி, இழை எங்கயோ போகுது.

2024 ஜனவரி 8

நீல வடிகட்டி பத்தி அக்டோபர்ல சொன்னதைப் பாதி வாபஸ் வாங்கறேன். நேத்து போட்டும் கழற்றியும் பத்து தடவை பார்த்தேன். பட்டை கருக்குது, புள்ளியும் கருக்குது, மொத்தமும் இருட்டுது. 8 அங்குலத்துல லாபம் கம்மி. காசை மிச்சம் பிடிங்க.

பழைய புத்தகப் படத்துல புள்ளி பெரிசா இருக்கே, இப்ப ஏன் இல்லைன்னு கேட்டிருந்தீங்க. நிஜமாவே சுருங்கிடுச்சு. 1979ல வாயேஜர் அளந்தப்ப 23,300 கிலோமீட்டர். 2014ல ஹபிள் அளந்தப்ப 16,500. பூமி 12,742. ரெண்டு பூமியை விழுங்கும்னு பள்ளியில படிச்சோம், இப்ப ஒண்ணேகால்தான். எங்க வாத்தியார் பொய் சொல்லல, அவர் படிச்சப்ப சரிதான்.

பிப்ரவரி 18

தம்பி அனுப்பின ஓவியம் வந்தது. பென்சில், நோட்டுப் புத்தகத் தாள், காபி டம்ளரைக் கவிழ்த்து வட்டம் போட்டிருக்கார்னு நினைக்கிறேன். வியாழன் துருவத்துல தட்டையா இருக்கும், டம்ளர் வட்டம் ஆகாது. பரவாயில்லை. ரெண்டு பட்டை, பட்டை ஓரத்துல ஒரு பள்ளம், பள்ளத்துக்குள்ள லேசா ஒரு பொட்டு. முதல் புள்ளி!

ஆனா புள்ளி கீழ இருக்கு, தெற்கு எதுன்னு குறிக்கல. டாப்சோனியன்ல மேல் கீழ் நம்பாதீங்க, தலையைச் சாய்ச்சா அதுவும் சாயும். குழாயை அசைக்காம விடுங்க. வியாழன் எந்தப் பக்கமா நழுவி வெளியே போகுதோ, அந்தப் பக்கம் இடதுகைப் பக்கம் வர்ற மாதிரி தாளைத் திருப்புங்க. அப்ப மேல இருக்கிறது தெற்கு. (கண்வில்லைக்கு முன்னால பார்வையை வளைச்சு விடுற கண்ணாடி போட்ட லென்ஸ் தொலைநோக்கிக்கு இது பொருந்தாது.)

பிப்ரவரி 18, கொஞ்ச நேரம் கழிச்சு

தாள் ஓரத்துல "8.40"னு எழுதியிருக்கு, தேதி இல்லை. 2002 ஜனவரி 1ஐவிடப் பரவாயில்லை.

வின்ஜூபோஸ்ல போட்டுப் பார்த்தேன். புள்ளி அதே நேரத்துக்கு நடுவுல திரும்ப வர 29 சுத்து ஆகும், 12 நாளுக்கு அஞ்சு நிமிஷம் கம்மி. அதனால போன ஒரு வாரத்துல ராத்திரி 8.40க்கு, நீங்க வரைஞ்ச இடத்துல புள்ளி இருந்திருக்கக்கூடிய நாள் ஒண்ணே ஒண்ணுதான். அது எந்த நாள்னு நான் சொல்ல மாட்டேன். முதல்ல நீங்க சொல்லுங்க.